நான் சுண்ணாம்பு தின்னவில்லை

கால்சியத்துக்குத் தமிழில் சுண்ணாம்புச் சத்து என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, மூச்சு முட்டும்வரை சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். பால் சத்து என்றோ எலும்புச் சத்து என்றோ வேறு ஏதாவது ஒரு பெயரை அவர் வைத்துத் தொலைத்திருந்தால், என் புருஷனும் மாமியாரும் என்னைத் திருட்டுத்தனமாகச் சுவரைத் தின்கிற பெண் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் இப்போது சிரிப்புதான் வருகிறது. அப்போதும் பாதி நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மீதி நேரம் கண்ணில் தண்ணீர்.

எழுபதுகளின் பிற்பாதி அது. நான் காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையின் ஓட்டைகளில் ஒயரைச் செருகுவதும் பிடுங்குவதுமாக நாள் முழுக்கப் போகும். "நம்பர் ப்ளீஸ்" என்று நான் சொன்னால் ஊரிலுள்ள பெரிய மனிதர்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக எண்ணைச் சொல்வார்கள். பட்டுக்கடை முதலாளிகள் சூரத்துக்கு டிரங்க் கால் போட்டு, ஜரிகை இன்னும் வரவில்லையென்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்கு ஒயரே தேவையில்லை, சூரத்துக்கு நேராகவே கேட்டிருக்கும். என் முகத்தை யாருக்கும் தெரியாது, குரலை எல்லாருக்கும் தெரியும். கத்தரிக்காய் விலை கேட்டால் காய்காரர் நிமிர்ந்து பார்த்து, "நம்பர் ப்ளீஸ் அம்மாவா நீங்க?" என்பார். எனக்குத் தலை கிறுகிறுக்கும் அளவுக்குப் பெருமை வரும், பேரம் பேச மறந்து வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். கடையில் அவர் பேச்சைக் கேட்க வேண்டும். "இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதும்மா" என்று ஒரே நாளில் ஒரே புடவையைக் காட்டி எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பாரோ. பேச்சையெல்லாம் கடையிலேயே விற்றுத் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது காலியாக வருவார். வீட்டில் அவருக்கு மூன்று வார்த்தைகள்தான். சோறு, மோர், சரி. நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எனக்கு வெற்றிலை பிடிக்கும். டூட்டி முடிந்து வெளியே வந்ததும், எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த பாய் கடையில் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்வேன். பாய்க்கு என் பக்குவம் தெரியும். பாக்கு குறைவு, சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல். என் வாய் எப்போதும் ஒரு சிவப்பில் இருக்கும். லிப்ஸ்டிக் போடும் புதுப்பெண் ஒருத்தி எங்களோடு வேலைக்குச் சேர்ந்தபோது, "நீங்க எந்தக் கம்பெனிக்கா?" என்று என்னிடம் கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே உடம்பு படுத்தத் தொடங்கியது. எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. எலும்பு வலித்தது. எந்த எலும்பு என்று கேட்டால் எல்லாம்தான். தாகம் தாகமாக வந்தது. குடித்த தண்ணீரெல்லாம் உடனே வெளியே போக வேண்டும். போர்டை விட்டு எழுந்து போக சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டும். நான் போய்வந்த எண்ணிக்கைக்கு அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ கேக்காதம்மா, போய்க்கினே இரு" என்று சொல்லிவிட்டார். வயிறு மாத்திரம் அசையாது. எதிலும் மனம் ஒட்டாது. சூரத் கேட்டவருக்கு சேலம் கொடுத்தேன். கல்லடைப்பு வந்து துடித்துப்போய் வாழைத்தண்டுச் சாறாகக் குடித்தேன். அது தீர்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு தடவை வந்தது.

வீட்டில் சொல்லாமல் இல்லை. "எலும்பெல்லாம் வலிக்குதுங்க" என்றால் அவர் சரி என்பார். மாமியார், "நாள் பூரா உக்காந்துக்கினே இருந்தா வலிக்காம இன்னா பண்ணும்? எழுந்து நாலு வேலை செய்யி, சரியாப்பூடும்" என்பார். உட்கார்ந்து பேசுவதற்குச் சம்பளம் வாங்கும் மருமகள் மேல் அந்த அம்மாவுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பதை வேலை என்று சொல்லி நான் ஊரை ஏமாற்றுவதாகவே கடைசிவரை நினைத்தார்.

இரண்டாவது கல்லடைப்புக்குப் பிறகு எங்கள் ஊர் டாக்டர் ரத்தத்தை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதித்தார். பதில் வந்த அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போய் எதிரே உட்கார்ந்தோம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் ஊர் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தியா இருக்குதும்மா. ரொம்ப ஜாஸ்தி."

என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என் வாயைப் பார்த்தார். வாய் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது. அந்த ஒரு பார்வையில் போலீஸ், வக்கீல், ஜட்ஜ் எல்லா வேலையும் முடிந்துவிட்டது.

"நான் எத்தினி தபா சொன்னேன்!" என்றார். அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

டாக்டரும் மறுக்கவில்லை. பாலும் சுண்ணாம்பும் அளவுக்கு மீறி உள்ளே போனால் இப்படி ஆவதுண்டு என்று அவரும் எங்கேயோ படித்திருந்தார். "வெத்தலையை அடியோட விட்ருங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வலிக்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று சந்தோஷம். டாக்டர் வீட்டு வாசலிலேயே வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இனிமேல் தொட மாட்டேன் என்று நடுத்தெருவில் அறிவித்தேன்.

செய்தி எனக்கு முன்னால் பாய் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் நான் கடையைத் தாண்டியபோது பாய் இறங்கி வந்தே விட்டார்.

"இன்னாம்மா இது, அநியாயமா இருக்குது! என் சுண்ணாம்பு உன் ரத்தத்துல பூந்துக்கிச்சாமே! எங்க வாப்பா காலத்துலேர்ந்து இதே சுண்ணாம்புதான். ஊரே துன்னுது. ஒருத்தர் ரத்தத்துல பூந்துதா? நீயே சொல்லு!"

"பாய், எனக்கு இன்னா தெரியும்? டாக்டர் சொன்னாரு."

"அந்த டாக்டரே என்கிட்டதான் வாங்குறாரு!" என்றார் பாய். அவர் கண்ணில் நிஜமான வேதனை தெரிந்தது. அன்றிலிருந்து நான் கடையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு பேரும் சம்பந்தம் முறிந்த வீட்டுக்காரர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டோம்.

வெற்றிலையை விடுவது லேசில்லை. சாப்பிட்டு முடித்தால் நாக்கு எங்கே எங்கே என்று தேடும். ஏலக்காய் மென்றேன், கிராம்பு மென்றேன், சோம்பு மென்றேன். பக்கத்து சீட்டில் உட்காரும் என் சிநேகிதி, "உன் லைன்ல பிரியாணி வாசனை வருதுடி" என்று கேலி செய்தாள். ஆனால் விட்டேன். சத்தியமாக விட்டேன். இந்தக் கதையில் நீங்கள் ஒன்றை மட்டும் நம்ப வேண்டும் என்றால் இதை நம்புங்கள். வாய் மெல்ல வெளுத்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தேன்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சுண்ணாம்புச் சத்து ஒரு இம்மியும் குறையவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கேதான் தப்பு செய்தேன், சுவரைப் பார்த்திருக்கக் கூடாது.

வீட்டில் அடுப்படிச் சுவரில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, வெள்ளை பெயர்ந்து உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் தெரியும். பல மழைக்காலமாக அப்படித்தான் தெரிகிறது. அன்று சாயங்காலம் மாமியார் அதன் முன்னால் நின்றார். விரலால் ஓரத்தைச் சுரண்டினார். விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்துது" என்றார்.

"அத்தை, அது மழை ஈரம்."

"முழுகாம இருக்கும்போது செவுத்த சொரண்டித் தின்னவங்கள நான் பாத்துக்கீறேன். மண்ணு தின்னவங்கள பாத்துக்கீறேன். நீ முழுகாமயும் இல்ல. இன்னாத்துக்குடி உனக்கு இந்த ஆசை?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கரண்டி கையிலிருந்து நழுவியது. அவ்வளவு சிரித்தது என் வழக்கைக் கெடுத்தது என்று இப்போது புரிகிறது. நிரபராதி அப்படிச் சிரிக்க மாட்டாள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். மறுநாளிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ பாசத்தில் கிட்டே வருகிற மாதிரி வந்து வாயை மோந்து பார்ப்பார். கோலமாவு டப்பா பரண் மேல் போய்விட்டது. சுவரின் அந்த இடத்தில் ஒரு காலண்டர் மாட்டப்பட்டது. காலண்டரிலிருந்த லட்சுமி நாள் முழுக்க என்னைக் கண்காணித்தாள்.

எங்கள் ஊர் டாக்டர் நல்லவர், தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று ஒத்துக்கொள்பவர். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவுக்குச் சொல்லி என்னை அனுப்பி வைத்தார். நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். டாக்டரம்மா குள்ளமாக இருந்தார், வேகமாகப் பேசினார், பேசும்போதே நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினார். என் கதையைச் சுவர் வரைக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது.

"கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி நாலு குட்டிச் சுரப்பி இருக்கு. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். ரத்தத்துல கால்சியம் எவ்வளவு இருக்கணும்னு பாத்துக்கறதுதான் அதுங்க வேலை. அதுல ஒண்ணு கெட்டுப்போய் அடங்காம வேலை செஞ்சா, எலும்புலேர்ந்து கால்சியத்தைப் பிடுங்கி ரத்தத்துல கொட்டும். உங்களுக்கு அதுதானான்னு பாக்கணும். அதோட ஹார்மோனை அளக்கற டெஸ்ட் இப்பதான் வந்திருக்கு, இங்க கிடையாது. ரத்தத்தை ஐஸ்ல வச்சு வடக்க அனுப்பணும்."

"அதுவா இருந்தா?"

"ஆபரேஷன். கெட்டதை எடுத்துட்டா சரியாப் போயிடும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேண்டிக்கொண்டே வந்தேன். கடவுளே, கழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும், நல்லதாக ஒரு வியாதி இருக்க வேண்டும் என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் கண்ணை மூடி முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளை வரமா என்று கேட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொல்லாமல், ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பதில் எனக்கு என் போர்டிலேயே வந்தது. மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். யாருக்கு என்று கேட்டால் எனக்கு! டாக்டரம்மாவிடம் வேலை கற்கும் இளைய டாக்டர் ஒருவர் பேசினார்.

"ரிசல்ட் வந்திருச்சும்மா. ஹார்மோன் நார்மல். ஒண்ணும் கவலைப்படாதீங்க. டாக்டர் லீவு, வந்ததும் பாப்பாங்க." அவ்வளவுதான். கரகர என்றது, லைன் போய்விட்டது.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதி, "இன்னாடி, இன்னாடி?" என்றாள். நார்மல் என்றேன். "நார்மலாம்!" என்று அவள் கத்தினாள். அறை முழுக்கக் கை தட்டினார்கள். சூப்பர்வைசர் அம்மா பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். லைனில் காத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு முதலாளி, என்ன சத்தம் என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் அவரும் வாழ்த்தினார். இத்தனை பேர் சந்தோஷப்படும்போது நான் மட்டும் எப்படி அழுவது? சுடச்சுட பஜ்ஜியைத் தின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தில் ஒன்றுமில்லை என்றால் மிச்சம் இருப்பது சுண்ணாம்பு ஒன்றுதான்.

வீட்டில் சொன்னேன். அவர் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படியெல்லாம் பக்கத்தில் உட்காருகிறவர் இல்லை. கடையில் விலை அதிகம் என்று தயங்கும் பெண்களிடம் பேசுகிற அந்த மிருதுவான குரலில் பேசினார்.

"பரவால்லம்மா. ஆசையா இருந்துது, தின்னுட்டேன்னு சொல்லிடு. நான் திட்டமாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், வீடு இரண்டாகியிருக்கும், மனம் ஆறியிருக்கும். அவர் மன்னித்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. "நான் தின்னல" என்றேன். "சரி" என்றார். அந்த சரியைக் கேட்டதும் எனக்குத் தலையணையைத் தூக்கி அவர்மேல் எறிய வேண்டும் போலிருந்தது. எறிந்தேன். அதைப் பிடித்து, தட்டி, பாயில் வைத்துவிட்டுப் போனார்.

மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். எலும்பு உபாதைக்கெல்லாம் மாகறல் சிவன்தான் கண்கண்ட தெய்வம் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. "வர்ற திங்கக்கெழம மாகறலுக்குப் போலாம். அவரு சந்நிதியில இவ கற்பூரத்த அணைச்சு, நான் தின்னலன்னு சத்தியம் பண்ணட்டும். அப்பறம் நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றார். பண்ணுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அடுத்த நாள் காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? என் விரல் நகங்களைப் பார்த்தேன். தூக்கத்தில் எழுந்து போய்ச் சுரண்டுகிறேனோ? நகத்தில் வெள்ளை இருக்கிறதோ? காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, ஊரையே ஒயரில் கட்டி மேய்க்கிறவள், நாக்கை நீட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். அவர்கள் என்னை நம்பாதது போய், நானே என்னை நம்பாமல் போய்விட்டேன்.

"சத்தியம் பண்றதுக்கு முன்னாடி ஒரு தபா மெட்ராஸ் போயி அந்த டாக்டரம்மாவ கேட்டுட்டு வந்துடலாங்க. இந்தத் தபா நீங்களும் வாங்க" என்றேன். எல்லாம் முடிந்த கேஸ்தானே என்று அவரும் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். நாற்காலி ஆடுவதை நிறுத்தியது.

"நார்மல்னு யார் சொன்னது?"

"உங்க சின்ன டாக்டர்தான் போன்ல சொன்னாரு."

"நம்பர் நார்மல்தான். ஆனா இந்த நார்மல், நார்மல் இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்த வாக்கியத்தை உதட்டை அசைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க கடையில மாடில தண்ணித் தொட்டி இருக்கா?"

"இருக்குதுங்க."

"தொட்டி நெறஞ்சு வழியுது. புடவை மேலெல்லாம் தண்ணி. மேல ஏறிப் போய்ப் பாக்கறீங்க. தண்ணி விடற குழாய் எப்பவும் போல ஓடிக்கிட்டிருக்கு. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. குழாய் நார்மலா இருக்குன்னு சொல்லிட்டு எறங்கி வந்துடுவீங்களா?"

புடவை மேல் தண்ணீர் என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது. "அது எப்பிடிங்க? தொட்டி நெறஞ்சா குழாய் நிக்கணும்."

"நிக்கல."

"அப்ப குழாய் ரிப்பேருங்க."

"அதேதான்!" என்று டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். "இவங்க ரத்தத்துல கால்சியம் வழியுது. இந்த நேரத்துல அந்தச் சுரப்பி வாயை மூடிக்கிட்டு இருக்கணும். ஹார்மோன் அடிமட்டத்துக்கு எறங்கியிருக்கணும். எறங்கல, எப்பவும் போல சுரந்துக்கிட்டிருக்கு. சுரப்பிதான் கெட்டிருக்கு. இவங்க சுண்ணாம்பு தின்னு தொட்டிய நெறச்சிருந்தாங்கன்னு வைங்க, நல்ல சுரப்பி தானா மூடியிருக்கும். இந்த நம்பர் இவ்வளவு வந்திருக்கவே வந்திருக்காது. ஆக, இவங்க சுண்ணாம்பு தின்னல. இந்த ரிப்போர்ட்டே அதுக்கு சாட்சி."

அதோடு விடவில்லை. என் கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவருக்குக் காட்டினார். விரல் எலும்புகளின் ஓரம் கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. "பாருங்க. சுண்ணாம்பு இங்கேர்ந்து போயிருக்கு, வாய் வழியா வரல."

நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் எலும்பை நானே தின்றுகொண்டிருக்கிறேன், அதைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள், நான் கல்யாணப் பெண் மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். "எனக்கு வியாதி இருக்குதுங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நெசமான வியாதி! பேரெல்லாம் இருக்குது!" வெளியே காத்திருந்தவர்கள் கதவை எட்டிப் பார்த்தார்கள். ஆபரேஷனில் குரல் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, அரிதாகக் குரல் கெடவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா பொறுப்பாகச் சொன்னார். குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். அதைக்கூடத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்த போனில் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு டிரங்க் கால் போட்டேன். என் சிநேகிதிதான் எடுத்தாள். "நார்மல் இல்லடி!" என்று கத்தினேன். "நார்மல் இல்லியாம்!" என்று அவள் திரும்பிக் கத்த, அந்தப் பக்கம் அத்தனை பேரும் முன்பு போலவே கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாய்க்குச் சொல்லிவிடச் சொன்னேன். அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த எல்லாருக்கும் அவர் இலவசமாக வெற்றிலை மடித்துக் கொடுத்தாராம், ஒவ்வொருவரிடமும் தன் சுண்ணாம்பு குற்றமற்றது என்று சொல்லிச் சொல்லி. இந்தக் கூத்துக்கு நடுவே, ஆஸ்பத்திரி வாசலில் என் வீட்டுக்காரர் மட்டும் தனியாக நின்றார். எக்ஸ்ரே படம் இருந்த உறையைப் புதுப்புடவை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நான் பேசிக்கொண்டே வந்தேன், அவர் சரி என்றுகூடச் சொல்லவில்லை.

மாகறல் போகவில்லை. மாமியார் காலண்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையாலேயே வெள்ளை அடித்தார். அந்த அம்மாவிடமிருந்து அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆபரேஷன் நடந்தது. கெட்டுப்போன சுரப்பி ஒன்றுதான், துவரம்பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் புளியங்கொட்டை இருந்தது என்று டாக்டரம்மா வந்து சொன்னார். மயக்கம் தெளிந்தபோது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கால்சியம் விழுகிறது, விழ வேண்டியதுதான் என்று ஊசி போட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டு. பேச முயற்சி செய்ய வேண்டாம், டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். என்னைப் பேசாதே என்பது பெரிய தண்டனை. ஆனால் உண்மையில் எனக்கே பயமாக இருந்தது, வாயைத் திறந்தால் காற்றுதான் வருமோ என்று. கையைக் காட்டியே தண்ணீர் கேட்டேன், விசிறி கேட்டேன்.

அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். படத்தில் ஓரம் அரித்துப்போயிருந்த விரல்கள். அழுத்தினால் நொறுங்கிவிடும் என்கிற மாதிரி நுனி விரலால் தொட்டார். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அத்தினி நாளும் நெசமாவே வலிச்சிக்கினுதான் இருந்துதா?"

தலையை ஆட்டினேன். கழுத்துக் கட்டு இழுத்தது.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் என் கைமேல் விழுந்தது. கல்யாணமானதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. "ஏம்மா, என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றார்.

நர்ஸ் சொன்னது, நரம்பு, பயம் எல்லாம் மறந்துவிட்டது. கம்மலாக, கரகரவென்று, ஆனால் என் குரலேதான், தெளிவாக வந்தது.

"சொன்னேனே."